கண்ணால் எடுத்த அளவு

பத்துபஸ்தி, போர்ட் பிளேர்
18 செப்டம்பர் 2011

அன்புள்ள வேலாயி பெரியம்மாவுக்கு,

நாகலிங்கத்தின் மகள் உதயா எழுதுவது. என்னிடமிருந்து கடிதம் வந்ததில் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். தோட்டத்து லயன் வீட்டில் இருந்தபோதும், சுனாமி அலை வந்த பிறகு தகர ஷெட்டில் இருந்தபோதும், அரசாங்கம் கட்டிக்கொடுத்த புது வீட்டிலும் நாம் எதிர் எதிர் வீடுதான். அப்படியிருந்தும் அலைக்குப் பிறகு நான் உங்களோடு பேசியது பத்து வார்த்தை இருக்காது. பேச வராததால் எழுதுகிறேன். தப்பிருந்தால் மன்னியுங்கள்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வாளியோடு வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். மாவுக்கட்டோடு மூன்று மாதம் படுத்திருக்க வேண்டுமாம். அப்பா இரண்டு முறை போன் செய்துவிட்டார். "அடுத்த கப்பல்ல வந்துரு புள்ள, சோறாக்க ஆளில்ல" என்கிறார். எனக்கும் வர ஆசைதான். இங்கே ஜெயராணி அத்தை வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒரு நாள்கூட இது என் வீடு என்று தோன்றவில்லை. தூங்கி எழுந்தால்கூடக் களைப்பு போவதில்லை. ஆனால் என்னால் வர முடியவில்லை. காரணம் நீங்கள்.

இந்த வரியை எழுத நான்கு தாளைக் கிழித்தேன்.

நீங்கள் என்னைப் பார்க்கிறீர்கள் பெரியம்மா. குழாயடிக்குப் போனால் பார்க்கிறீர்கள். துணி காயப்போட்டால் பார்க்கிறீர்கள். நான் வெளியே வந்ததும் உங்கள் தையல் மெஷின் சத்தம் நின்றுவிடும். அது நின்றால் என் முதுகு தானாகக் குறுகும். திரும்பினால் ஜன்னலில் நீங்கள் இருப்பீர்கள். தலையிலிருந்து கால்வரை பார்ப்பீர்கள், பிறகு காலிலிருந்து தலைவரை.

கச்சால் தீவை விட்டுக் கப்பல் ஏறினால் அது விட்டுவிடும் என்று நினைத்தேன். விடவில்லை. இங்கே எல்லோரும் பார்ப்பதுபோல் இருக்கிறது. அத்தையின் இட்லிக் கடையில் நான் பின்பக்கம்தான். மாவாட்டுவேன், பாத்திரம் கழுவுவேன், பரிமாற முன்னால் வரமாட்டேன். மழை இல்லாத நாளிலும் குடையைத் தாழ்த்திப் பிடித்துத்தான் தெருவில் நடப்பேன். ஏர்போர்ட் பக்கம் என்பதால் விமானம் கூரையை உரசுவதுபோல் இறங்கும். அந்த நேரம் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தால் உள்ளே ஓடிவிடுவேன். அத்தை சிரிப்பாள். "அரே, ப்ளேன்ல வர்றவன் உன்னப் பாக்கவாடி டிக்கெட் எடுத்து வர்றான்? அவன் பீச் பாக்க வர்றான். ஜல்தி துணியப் போடு, மழ வருது."

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். நான் வந்து அம்மாவுக்குச் சமைத்துப்போடும் மூன்று மாதம் மட்டும் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி வைப்பீர்களா? சரி என்று ஒரு வரி எழுதினால் போதும். டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்வேன்.

இப்படிக்கு,
உதயா


கச்சால்
2 அக்டோபர் 2011

உதயா மகளுக்கு வேலாயி பெரியம்மா எழுதுவது.

எனக்கு எழுத்து பெரிசாகத்தான் வரும். அஞ்சாவதோடு நிறுத்தினவள். பார்த்துப் படித்துக்கொள்.

உன் காகிதம் வந்தது. தபால்காரர் கொடுத்தபோது, போர்ட் பிளேரிலிருந்து எனக்கு யார் எழுதப்போகிறார்கள், விலாசம் தப்பு என்று திருப்பிக் கொடுத்தேன். அவர்தான் உன் பேரைப் படித்துக் காட்டினார். சந்தோஷமாகப் பிரித்தேன். படித்து முடித்ததும் அடுப்பில் போடலாம் என்று எழுந்தேன். அப்புறம் மெஷின் டிராயரில் வைத்துவிட்டேன்.

உன் அம்மாவுக்குக் காலையில் கஞ்சி நான்தான் கொண்டுபோகிறேன். தெரியுமா உனக்கு? ராத்திரிக்கு உன் அப்பன் ரசம் வைக்கிறான். அதைப் பூனைகூட மோந்து பார்த்துவிட்டுப் போகிறது. பேச்சியம்மா பாவம், படுத்துக்கொண்டே உப்பு, புளி என்று கத்துகிறாள். இவன் அடுப்பங்கரையில் நின்று "ஆவட்டும், ஆவட்டும்" என்கிறான். ஒரு நாள் வந்து பார்.

ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாய். சாத்தினால் மெஷினுக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? இந்த வீட்டில் கரண்ட் பாதி நாள் இல்லை. தையல்காரி ஜன்னலோரம்தான் உட்காருவாள். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படத்தான் செய்வார்கள். ஆடு போனாலும் பார்ப்பேன், மாடு போனாலும் பார்ப்பேன். உன்னை மட்டும் பார்க்க நீ என்ன ராணியா?

பிள்ளை பயந்து ஊரைவிட்டுப் போகிற அளவுக்கு நான் ஒன்றும் பேய் இல்லை. அம்மாவைப் பார்க்க வரவேண்டும் என்றால் வா. என் பேரைச் சொல்லாதே.

வேலாயி


பத்துபஸ்தி
14 அக்டோபர் 2011

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

கஞ்சி கொண்டுபோவது தெரியாது. அப்பா சொல்லவில்லை. அதற்கு நன்றி. உங்களைக் கோபப்படுத்தியதற்கு மன்னிப்பு. ஆனால் நான் எழுதியதை மாற்றமாட்டேன்.

மற்றவர்களைப் பார்ப்பது வேறு. எனக்கு வித்தியாசம் தெரியும். அது தொடங்கிய நாளும் தெரியும்.

அலை வந்த அன்று நாங்கள் ரப்பர் காட்டு மேட்டில் இருந்தோம். மதியம் இருக்கும். எல்லோர் மேலும் சேறு. நான் அப்பாவைத் தேடி அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். பச்சைப் பாவாடை போட்டிருந்தேன். உங்கள் மகள் திவ்யாவுக்கும் எனக்கும் ஒரே துணி, ஒரே உயரம். நீங்கள் பின்னாலிருந்து "திவ்யா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என் இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பினீர்கள். திருப்பும்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தேன். நான் என்று தெரிந்த பிறகு எப்படி ஆனது என்றும் பார்த்தேன். கையை எடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு ஒன்பது வயது. நான் உயிரோடு இருப்பது ஒருவருக்கு இவ்வளவு பெரிய ஏமாற்றமாக இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து பார்க்கிறீர்கள். ஷெட்டில் வரிசையில் நின்று சோறு வாங்கும்போது பார்த்தீர்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்தீர்கள். எட்டாவதில் ஒரு நாள் பிரார்த்தனையில் உறுதிமொழி படிக்கச் சொல்லி ராஜமாணிக்கம் வாத்தியார் முன்னால் நிறுத்தினார். அத்தனை பிள்ளைகளின் கண்ணும் உங்கள் கண்ணாகத் தெரிந்தது. ஒரு வரி படித்தேன். அடுத்த வரி வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். வருடம் முடியும்வரை தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லிப் பாதி நாள் போகவில்லை. பிறகு போகவே இல்லை. அம்மா அடித்தாள், அப்பா கெஞ்சினார். காரணம் கேட்டபோது படிப்பு ஏறவில்லை என்றேன். எனக்குப் படிப்பு நன்றாக ஏறும் பெரியம்மா.

ஏன் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். எதையாவது கண்டுபிடிக்கப் பார்த்தீர்களா? தெரிந்துகொண்டால் ஒருவேளை வர முடியும்.

உதயா


கச்சால்
28 அக்டோபர் 2011

உதயா மகளுக்கு,

போன தடவை பொய் எழுதினேன். உன்னைப் பார்த்தேன். ஆடு மாடு மாதிரி இல்லை. வேண்டுமென்றே பார்த்தேன்.

உன்னிடம் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? நான் பார்த்தது உன் உயரத்தை. தோள் அகலத்தை. இடுப்பிலிருந்து கணுக்கால் எத்தனை அங்குலம் என்று.

திவ்யா கன்னியாகப் போனவள். எங்கள் வழியில் அப்படிப் போன பிள்ளைக்கு வருஷா வருஷம் தை மாதம் புதுத்துணி எடுத்துப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவோம். மற்றவர்கள் கடைத்துணி வைப்பார்கள். நான் தையல்காரி, பெற்ற பிள்ளைக்குக் கடைத்துணியா வைப்பேன்? தைப்பதற்கு அளவு வேண்டும். ஒன்பது வயசு அளவு என் கையில் இருந்தது. ஆனால் முதல் தடவை தைக்க உட்கார்ந்தபோது அவளுக்குப் பத்து முடிந்திருந்தது. பத்து முடிந்த பிள்ளைக்கு ஒன்பது வயசுப் பாவாடையை எப்படி வைப்பது? நீயும் அவளும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். நீ வளர்ந்தால் அவள் வளர்ந்த மாதிரி. அப்படி நினைத்துக்கொண்டேன்.

நாடாவைப் போட்டு அளந்திருக்கலாமே என்று கேட்பாய். உயிரோடு இருக்கிற பிள்ளை மேல் போன பிள்ளையின் துணிக்காக நாடா வைக்கக் கூடாது. உனக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என் நாடாவால் வந்தது என்று ஆகும். பேச்சியம்மா என்னை வாசல்படி ஏறவிடமாட்டாள். அதனால் கண்ணால் எடுத்தேன். பார்க்க நேரம் ஆகும். கொடியில் துணி போட நீ கையைத் தூக்கும்போதுதான் கை அளவு கிடைக்கும்.

பெட்டியில் ஆறு துணி இருக்கிறது. நாலு உன் அளவு. நீ போன பிறகு தைத்த ரெண்டும் உத்தேசம். ரெண்டு வருஷமாக என் பிள்ளை வளர்ந்தாளா இல்லையா என்றே தெரியவில்லை.

உன் பெரியப்பாவுக்கு ஒரு இடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்து மேட்டில் புதைத்தோம், போய் விளக்கு வைக்கிறேன். திவ்யாவுக்கு இடம் இல்லை. அதனால்தான் இந்தப் பெட்டி.

ஒரு தடவை அவள் என்று நினைத்தார்கள். அஞ்சாம் நாள் ஒரு பெண் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. பச்சைப் பாவாடை. ஆண்டு விழா டான்ஸுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே பச்சைத் துணியில் நான்தானே தைத்தேன். வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "வேலாயி, மனச தெடப்படுத்திக்கிட்டுப் பாரு" என்றார். கொடியில் மற்ற பிள்ளைகள் துணியோடு கலக்கக் கூடாது என்று திவ்யா பாவாடையின் விளிம்பில் மட்டும் சிவப்பு நூல் ஓட்டியிருந்தேன். விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு இல்லை. இடுப்பில் நான் வைத்த கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஆம்பளைச் சட்டைப் பொத்தான், நீலம். அது என் கை இல்லை. "இது எம் புள்ள இல்ல, எம் புள்ள பாவாடையில செவப்பு நூல் இருக்கும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அப்போது மனசில் சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உன் பெரியப்பாவிடமிருந்து மூன்று மண்மேடு தள்ளி அடக்கினார்கள். பேர் இல்லாத கம்பு நட்டார்கள். யார் பெற்றதோ என்று நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

இவ்வளவுதான். ரப்பர் காட்டு மேட்டில் உன்னைத் திருப்பினது ஞாபகம் இருக்கிறது. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நீ சொல்லித்தான் தெரிகிறது.

வருகிற தைக்கு அவளுக்குப் பதினாறு. தாவணி வைக்க வேண்டும், ரவிக்கை தைக்க வேண்டும். ரவிக்கைக்கு உத்தேசம் ஆகாது. உனக்கு மனசு இருந்தால் அளவை மட்டும் தாளில் எழுதி அனுப்பு. நாடா வைக்கிறது உன் கை என்றால் தோஷம் இல்லை. அனுப்பினால் நான் ஏன் உன்னைப் பார்க்கப்போகிறேன்?

வேலாயி


பத்துபஸ்தி
8 நவம்பர் 2011

பெரியம்மாவுக்கு,

அளவு அனுப்ப மாட்டேன். நான் உயிரோடு இருக்கிறேன். என்னை வைத்துப் போனவளுக்கு ரவிக்கை தைக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பொத்தான் நீலம் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறதா? கறுப்பாகவும் இருக்கலாம் இல்லையா? ஐந்து நாள் தண்ணீரில் கிடந்தால் நிறம் மாறும்.

உதயா


கச்சால்
19 நவம்பர் 2011

உதயாவுக்கு,

அளவு வேண்டாம் என்றால் விடு. கேட்டது என் தப்பு.

பொத்தான் நீலம்தான். நாலு ஓட்டைப் பொத்தான், மூன்றில்தான் நூல் போயிருந்தது. யாரோ ஊசி பிடிக்கத் தெரியாதவள் தைத்தது என்று அந்த நேரத்திலும் கண் பார்த்தது. என் கண்ணுக்கு வேறு வேலை தெரியாது.

ஏன் கேட்கிறாய்?

வேலாயி


பத்துபஸ்தி
28 நவம்பர் 2011

பெரியம்மாவுக்கு,

இதை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்த பிறகு படியுங்கள்.

அந்தப் பொத்தானைத் தைத்தது அம்மா. அப்பாவின் பழைய சட்டைப் பொத்தான். நான்காவது ஓட்டை அடைந்திருந்தது, ஊசி போகவில்லை. "இது போதும், கழண்டா விழப்போகுது" என்றாள். அது என் பாவாடை.

டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் பிள்ளைகள் எல்லோரும் நிக்கோபாரிகள் ஊருக்குக் கிறிஸ்துமஸ் பார்க்கப் போனோம். கேக் கொடுத்தார்கள். ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். திவ்யாவின் பாவாடையை வளரும் பிள்ளை என்று நீங்கள் நாலு விரல் நீளம் வைத்துத் தைத்திருந்தீர்கள். ஓடினால் தடுக்கும். "உன்னுதக் குடுடி, ஜெயிச்சிட்டுத் தர்றேன்" என்றாள். தேவாலயத்துக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டோம். நான் ஓடவில்லை. அவள் ஜெயித்தாள். மூடி போட்ட ஒரு மஞ்சள் டப்பா கொடுத்தார்கள். வரும் வழியெல்லாம் அதைத் தட்டிக்கொண்டே வந்தாள். பாவாடையைத் திருப்பி மாற்ற மறந்துவிட்டோம். வீட்டு வாசலில்தான் ஞாபகம் வந்தது. "காலையில மாத்திக்கலாம், எங்க போயிடப் போற" என்றாள். அன்று கரண்ட் இல்லை. நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள். காலையில் அவள் பெரியப்பாவோடு கடற்கரையில் கப்பல் ஜெட்டிக்கு மீன் வாங்கப் போய்விட்டாள்.

மேட்டில் நீங்கள் திருப்பியபோது நான் போட்டிருந்தது அவள் பாவாடை. விளிம்பு முழுக்கச் சேறு. நீங்கள் தப்பாகப் பார்க்கவில்லை பெரியம்மா.

ஐந்தாம் நாள் நீங்கள் சிவப்பு நூல் என்று சத்தமாகச் சொன்னபோது நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல், அவளுக்குக் கேட்கவில்லை. நான் என் பாவாடையைத் திருப்பிப் பார்த்தேன். காய்ந்த சேற்றுக்கு அடியில் சிவப்பு இருந்தது. எழுந்து வந்து காட்டியிருக்க வேண்டும். அடுத்தவள் துணியைப் போட்டிருக்கிறாயா என்று எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று பயந்தேன். அந்த வயதில் அவ்வளவுதான் தோன்றியது. மரத்துக்குப் பின்னால் போய் நூலைப் பல்லால் கடித்து இழுத்துப் பிரித்தேன். ஒரே நூல், சுலபமாக வந்துவிட்டது. அதை மண்ணில் புதைத்தேன். அந்த நேரம் நீங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்து மேட்டில் இருந்தீர்கள்.

அந்தப் பத்துப் பேரில் வேறு மூன்று பிள்ளைகளும் இல்லை. அவர்களில் ஒருத்தியாக இருக்கும் என்று ஏழு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் போன கடிதம் வந்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

நீங்கள் பார்க்கும்போதெல்லாம் தெரிந்துதான் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருப்பதாக நினைத்தேன். நீங்கள் அளவுதான் எடுத்தீர்கள் என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை.

பாவாடை என்னிடம்தான் இருக்கிறது. வீட்டில் வைத்தால் யாராவது பார்ப்பார்கள் என்று பைக்கு அடியில் வைத்து இங்கே கொண்டுவந்தேன். அங்கம்மா அக்கா நாளைக் கப்பலில் வருகிறார். அவரிடம் பொட்டலமாகக் கொடுத்திருக்கிறேன். என்ன என்று அவருக்குத் தெரியாது.

அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

உதயா


பத்துபஸ்தி
10 டிசம்பர் 2011

பெரியம்மாவுக்கு,

பொட்டலத்தைக் கொடுத்துவிட்டதாக அங்கம்மா அக்கா போனில் சொன்னார். அதன் பிறகு கச்சாலிலிருந்து ஒரு கப்பல் வந்தது. உங்கள் கடிதம் இல்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

இருபதாம் தேதிக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். யாரையும் அனுப்பவில்லை, நானே பீனிக்ஸ் பே கவுண்டருக்குப் போனேன். மூன்று மணி நேரம் வரிசை. உள்ளே குடையை விரிக்க இடமில்லை. முன்னால் ஒரு பெங்காலி அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் "பேட்டி, பென் ஹை க்யா?" என்று கேட்டார். டிக்கெட் பாரம் நிரப்பப் பேனா வேண்டுமாம். அதற்காகத்தான் அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார்.

இருந்தாலும் உங்களைக் கேட்காமல் வரக்கூடாது என்று நினைக்கிறேன். நான் உங்கள் எதிரில் வந்து நடமாட வேண்டாம் என்றால் எழுதுங்கள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அம்மாவிடம் வேறு காரணம் சொல்லிக்கொள்வேன். எனக்குச் சொல்லிப் பழக்கம்.

உதயா


கச்சால்
15 டிசம்பர் 2011

உதயா மகளுக்கு,

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்காதே.

எழுதாமல் இருந்தது கோபத்தில்தான். உன் மேல் கோபம் இல்லை என்று எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. கோபம் இருக்கிறது. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஒரு மனசு சொல்கிறது. பத்து வயசில் தெரிந்திருக்குமே, பதிமூன்றில் தெரிந்திருக்குமே என்று இன்னொன்று கேட்கிறது. ரெண்டு நாள் உன் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோகவில்லை. உன் அப்பன் வந்து வாசலில் நின்று, "அக்கா, ஒடம்புக்கு என்னா?" என்றான். இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றேன். மூன்றாம் நாள் கொண்டுபோனேன். பேச்சியம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. அவள் தைத்த பொத்தான் என்று அவளுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

பாவாடை வந்தது. விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நூல் போன ஓட்டை வரிசையாக இருக்கிறது. என் தையல்தான். சிவப்பு நூலை எடுத்து ஊசியில் கோத்தேன். அப்புறம் எடுத்துவிட்டேன். நீ பிரித்தது பிரித்ததாகவே இருக்கட்டும்.

பெட்டியில் இருந்த ஆறு துணியையும் எடுத்துவிட்டேன். அளவுக்கு ஏற்றபடி தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். இந்தப் பாவாடை மட்டும் இப்போது பெட்டியில். அவளுக்கு ஒன்பது வயசு, அவ்வளவுதான். தாவணி வேண்டாம்.

அந்த மஞ்சள் டப்பா எனக்கு ஞாபகம் இருக்கிறது. தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். கேக் போட்டுக் கொடுத்த டப்பா என்று நினைத்தேன், கேட்கவில்லை. ஜெயித்தாள் என்று இப்போதுதான் தெரிகிறது. எத்தனை பேர் ஓடினார்கள்? ரெண்டாவது யார் வந்தது? வந்ததும் சொல். எல்லாவற்றையும் சொல், ஒன்றையும் விடாதே.

பள்ளிக்கூடத்து மேட்டுக்குப் போனேன். மூன்றாவது மண்மேடு. ஏழு வருஷமாக அதைச் சுற்றிக்கொண்டுதான் உன் பெரியப்பாவுக்கு விளக்கு வைக்கப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட மிதித்ததில்லை, யார் பெற்ற பிள்ளையோ என்று. புல்லைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அந்த ஒரு பிடி மண்ணைப் போட்டிருக்காவிட்டால் இப்போது எப்படித் தாங்குவேன் என்று தெரியவில்லை. போட்டேன் மகள். தெரியாமலே போட்டேன்.

மெஷினைத் திருப்பிப் போட்டுவிட்டேன். உன் அப்பனும் கூட ஒரு ஆளும் வந்து தூக்கி வைத்தார்கள். தெருப்பக்க ஜன்னலில் மாடல் துணியைத் தொங்கவிட்டிருக்கிறேன். பின்கதவைத் திறந்து வைத்தால் தைக்க வெளிச்சம் போதும். அங்கிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்து மேடு தெரிகிறது. நேராகத் தெரியாது, பலா மரத்துக்கு இடதுபக்கம் கொஞ்சம். எனக்கு அது போதும்.

ஜெட்டிக்கு நான் வரமாட்டேன். ஜெட்டியில் காற்று அதிகம், குடை திரும்பிக்கொள்ளும், விரிக்காதே. இறங்கி உன் பாட்டுக்கு நடந்து வா. நீ குழாயடிக்குப் போ, துணி காயப்போடு. மெஷின் நிற்காது. நான் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

வேலாயி பெரியம்மா